அலுமாரியில் பூட்டி வைத்த பெக்கப்

எனக்கு அறுபத்தாறு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று பேர் கலியாணம் முடித்துத் தங்கள் பாட்டில் இருக்கிறார்கள். மூன்றாவது பிள்ளை நியாஸ் மட்டும் குடும்பத்தோடு என் வீட்டில் இருக்கிறான். அவனும் இதில் வருவான்.

நான் வேலை செய்த கந்தோரில், அரசாங்க அலுவலகம் அது, புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். பழைய ஆட்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். சுதர்சினி வீடு தேடி வந்து கேட்டாள். அவள்தான் அங்கே கொம்பியூட்டரில் பதிவுகளை ஏற்றுகிறவள். கொம்பியூட்டர் கதையை நீயே எழுது, எனக்கு என்ன தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"இல்ல ராத்தா, அந்த டிஸ்க் கதைய நீங்கதான் சொல்லவேணும். நான் சொன்னா உங்கள்ல குற்றம் சொன்ன மாதிரி இருக்கும்" என்றாள். ராத்தா என்றால் அக்கா, கந்தோரில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. கையெழுத்துப் போடுவேன். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயரை வாசிப்பேன். ஆகவே நான் சொல்லச் சொல்ல நியாஸின் மகள் ஹனா எழுதுகிறாள். ஏ.எல். வகுப்புப் படிக்கிற பிள்ளை. நான் கதைக்கிற மாதிரி எழுதாமல் புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுதச் சொல்லியிருக்கிறேன். ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே போடச் சொல்லியிருக்கிறேன். அவசரப்படுத்தக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன்.

1. எனக்கு வேலை கிடைத்த விதம்

தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது மன்னாரை விட்டு வந்த ஆட்கள் நாங்கள். வெளிக்கிடுவதற்கு முந்தின நாள் பக்கத்து வீட்டு ஆயிஷா மாமி ஒரு சோடிக் காப்பைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். அவர்கள் வேறு வள்ளத்தில் போவதாக இருந்தது. கைக்குழந்தையோடு போகிற உன்னை அவ்வளவு சோதிக்க மாட்டார்கள், இது உன்னிடம் இருக்கட்டும் என்றார். என் கடைசி மகள் அப்போது கைக்குழந்தை. காப்பை நூலால் சுற்றிப் பிள்ளையின் தலையணைக்குள் வைத்துத் தைத்தேன்.

புத்தளத்துக்கு வந்து கிடுகுக் கொட்டிலில் இருந்தோம். என் புருஷன் நோயில் விழுந்தார். மருந்துக்கும் பால்மாவுக்கும் அந்தரப்பட்டோம். அந்தக் காப்பை அடகு வைக்கலாம், பிறகு மீட்கலாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். நான் தலையணையைப் பிரிக்கவே இல்லை. சில வருஷங்கள் கழித்து ஆயிஷா மாமி வேறொரு முகாமில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தலையணையோடு கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துப் பிரித்தேன். நான் சுற்றிய நூல் சுற்றியபடியே இருந்தது.

அமானிதம் என்று எங்கள் ஆட்கள் சொல்வது இதைத்தான். ஒருவர் நம்பி ஒப்படைத்ததை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதே பொருளாக இருக்க வேண்டும். அதே பெறுமதியில் வேறொன்றைக் கொடுத்தால் அது அமானிதம் ஆகாது.

இந்தக் கதை பள்ளிவாசல் வரைக்கும் போனது. பிறகு கடற்றொழில் கந்தோர் ஒன்றில் சிற்றூழியர் ஒருவர் தேவை என்றபோது பள்ளித் தலைவர் என்னைச் சொன்னார். 'இந்தப் பொம்புளைக்கிட்ட எதையும் நம்பிக் குடுக்கலாம்' என்று அவர் சொன்னதாகக் கேள்வி. கூட்டுவது, தேத்தண்ணி ஊற்றுவது, கடதாசிகளை ஒரு மேசையில் இருந்து இன்னொரு மேசைக்குக் கொண்டுபோவது என் வேலை. ஆனால் நான் அந்தக் கந்தோருக்குள் கூட்டுகிறவளாகப் போகவில்லை. அமானிதக்காரியாகப் போனேன். அந்த நினைப்பு கடைசி வரைக்கும் என் தலையில் இருந்தது.

2. இரண்டு டிஸ்க்

கந்தோர் கடலுக்கு மிகக் கிட்ட. ஜன்னலைத் திறந்தால் மேசையில் உப்பு படியும். முதலில் எல்லாம் பெரிய பதிவுப் புத்தகங்களில் இருந்தது. எந்த மீன்பிடிப் போட் யாருடையது, என்ன இஞ்சின், போட் கைமாறினால் யாரிடம் இருந்து யாருக்கு மாறியது என்ற விபரமெல்லாம். பிறகு கொம்பியூட்டர் வந்தது. பெயர் விபரம் எங்கள் கந்தோரில் மட்டும்தான் இருந்தது. மொத்தம் எத்தனை போட் என்ற கணக்கு மட்டுமே பெரிய கந்தோருக்குப் போகும்.

அப்போது பொறுப்பாக இருந்தவரை நாங்கள் சேர் என்போம். சிங்கள ஆள், எங்களோடு பழகித் தமிழ் நன்றாகக் கதைப்பார். அவர் ஒரு நாள் என்னையும் கூப்பிட்டு இருத்தி விளங்கப்படுத்தினார். கொம்பியூட்டர் பழுதாகலாம், கடல் உள்ளே வரலாம், நெருப்புப் பிடிக்கலாம். அப்போது எல்லாப் பதிவும் போய்விடும். அதனால் ஒரு கொப்பி எப்போதும் கந்தோருக்கு வெளியே இருக்க வேண்டும். அதற்குப் பெயர் பெக்கப் என்றார். என் வீடு கடலில் இருந்து தள்ளி, மேட்டில் இருக்கிறது. மற்றவர்கள் எல்லாம் தூரத்தில் இருந்து வருகிறவர்கள், மாற்றலாகிப் போகிறவர்கள். ஆகவே அது என் வீட்டில் இருக்கட்டும் என்றார்.

சேர் இரண்டு டிஸ்க் எடுத்தார். கைக்கடக்கமான கறுப்புப் பெட்டிகள். ஒன்றில் சிவப்புத் துண்டு ஒட்டினார், மற்றதில் பச்சை. எனக்கு வாசிப்பு அவ்வளவாக வராது என்று தெரிந்து அவர் செய்த ஏற்பாடு அது. ஒன்று கந்தோரில் இருக்கும், அதில் அந்தக் கிழமைப் பதிவைக் கொப்பி எடுப்பார்கள். மற்றது என் வீட்டில் இருக்கும். வெள்ளிக்கிழமை நான் வீட்டில் இருப்பதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கந்தோரில் இருப்பதைக் கொண்டுபோக வேண்டும். அடுத்த வெள்ளி மறுபடி மாற வேண்டும். அப்படி மாறி மாறி வந்தால் வீட்டில் இருப்பது எப்போதும் புதுக் கொப்பியாக இருக்கும்.

சேர் இருந்த வரைக்கும் நான் அப்படியே செய்தேன். வெள்ளிக்கிழமைப் பின்னேரம் டிஸ்க்கைக் கைலேஞ்சியில் சுற்றி, என் கைப்பையின் அடியில் வைத்து, பஸ்ஸில் மடியில் அணைத்துக்கொண்டு வருவேன். 'ராத்தாட பையில சலாபம் முத்து இரிக்கி' என்று கண்டக்டர் பொடியன் பகிடி பண்ணுவான்.

பிறகு சேருக்கு மாற்றம் வந்தது. பிரியாவிடைக்குக் கேக் வெட்டி, ஆளாளுக்கு இரண்டு வார்த்தை கதைத்தார்கள். கடைசியில் சேர் எழும்பி, எல்லோருக்கும் முன்னால் சிவப்புத் துண்டு ஒட்டின டிஸ்க்கை எடுத்து என் இரண்டு கையிலும் வைத்தார்.

"ராத்தா, இது உங்கட அமானிதம். இந்தக் கந்தோர்ட உசிர் இதுக்குள்ள இருக்கு" என்றார்.

அந்தச் சொல்லை யாரிடமோ கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

3. நான் மாற்றவில்லை

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். சிவப்பு டிஸ்க்கை ஒரு வெள்ளைச் சீலைத் துண்டில் சுற்றினேன். பூச்சி வராமல் பக்கத்தில் கற்பூர உருண்டை வைத்தேன். பூட்டி, திறப்பை என் சட்டைக்குள் முடிந்துகொண்டேன்.

அடுத்த வெள்ளி அதைக் கந்தோருக்குக் கொண்டுபோக எடுத்தேன். கை வரவில்லை. பெரிய மனுஷர் ஒருவர் சபையில் வைத்து அமானிதம் என்று சொல்லி என் கையில் தந்த பொருள் இது. இதைக் கொண்டுபோய் இன்னொருவரிடம் கொடுத்து, பதிலுக்கு வேறொன்றை வாங்கி வருவதா? பஸ்ஸில் கொண்டு திரிவதா? திருப்பி உள்ளே வைத்துப் பூட்டினேன். கந்தோரில் ஒன்று, வீட்டில் ஒன்று, அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

சேரோடு பழைய பதிவுக்காரனும் மாற்றலாகிப் போய்விட்டான். அவன் இடத்துக்குத்தான் சுதர்சினி வந்தாள். முன்னேஸ்வரத்துப் பிள்ளை, மெலிந்து, பயந்து, பஸ்ஸில் வந்து இறங்கும்போதே வேர்த்துப்போய் இருப்பாள். முதல் நாள் தேத்தண்ணி கொடுத்து, எந்தக் கதிரையின் கால் ஆடும் என்று சொல்லிக் கொடுத்தது நான்தான். அவள் என்னை ராத்தா என்று கூப்பிட்டாலும் தாய்க்குப் பயப்படுகிற மாதிரிப் பயப்பட்டாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. அதை நான் இங்கே சொல்ல வேண்டும். வந்து கொஞ்ச நாளில் கேட்டாள். வீட்டில் இருக்கிற டிஸ்க்கை வெள்ளிக்கிழமை கொண்டுவந்தால் நல்லது, புதுக் கொப்பி எடுத்துத் தரலாம் என்றாள். நான் பத்திரமாக இருக்கிறது என்றேன். இன்னொரு தடவையும் கேட்டாள். அன்றைக்கு மெடமும் பக்கத்தில் இருந்தார். மெடம் என்பது சேருக்குப் பிறகு வந்த பொறுப்பதிகாரி. சிங்களப் பொம்பளை, நல்ல மனம். அவருக்கு முன்னால் இந்தச் சின்னப் பிள்ளை என்னைக் கேள்வி கேட்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது.

"அமானிதப் பொருள பஸ்ஸில கொண்டு திரியேலா மகள். நான் உசிரோட இரிக்கிற வரைக்கும் அது இரிக்கிற இடத்துல இரிக்கும்" என்றேன்.

சுதர்சினி தலையைக் குனிந்துகொண்டாள். மெடம் சிரித்தார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பச்சை டிஸ்க்கில் ஒவ்வொரு வெள்ளியும் கொப்பி எடுத்து, மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டுவாள். கொம்பியூட்டர் இருக்கிற அதே மேசை.

ஒருமுறை கணக்காய்வுக்கு வந்தார்கள். பெக்கப் வெளியில் இருக்கிறதா என்று கேட்டார்கள். மெடம் என்னைக் காட்டினார். நான் அந்தச் சீலைத் துண்டையும் கற்பூரத்தையும் பற்றிச் சொன்னேன். வந்தவர் ஆச்சரியப்பட்டு, இப்படி ஒரு ஆள் எங்கள் கந்தோரிலும் இருந்தால் நல்லது என்றார். அன்றைக்கு நான் தேத்தண்ணிக்குச் சீனி கொஞ்சம் கூடப் போட்டுக் கொடுத்தேன். அதைத் திறந்து பார்த்தீர்களா, உள்ளே இருப்பது எப்போதைய பதிவு என்று அவரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

4. கடல் உள்ளே வந்தது

நான் வேலையில் இருந்து இளைப்பாறக் கொஞ்சக் காலம் இருந்தபோது ஒரு மாரி காலத்தில் புயல்காற்று அடித்தது. கடல் ரோட்டைத் தாண்டி வந்தது. உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். கரையில் ஏற்றி வைத்திருந்த போட்கள் ஒன்றோடு ஒன்று மோதி உடைந்தன. கரையோர வீடுகள் பலதுக்குள் இடுப்பளவு தண்ணீர். கந்தோருக்குள்ளும் அப்படித்தான். கொம்பியூட்டர், லாச்சி, லாச்சிக்குள் இருந்த பச்சை டிஸ்க், அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்த கடதாசிகள் எல்லாம் சேறும் உப்புமாகிவிட்டன.

தண்ணீர் வற்றின பிறகு நாங்கள் உள்ளே போனோம். மெடம் வாசலில் நின்று முகத்தை மூடிக்கொண்டார். உடைந்த போட்டுக்குப் பதில் போட் கொடுக்க அரசாங்கம் ஒரு திட்டம் போட்டிருக்கிறது, பதிவில் பெயர் இருக்கிற ஆளுக்குத்தான் கிடைக்கும், உடனே பட்டியல் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். பதிவு எங்கே இருக்கிறது என்று கேட்டு அழுதார்.

நான் அழவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இந்த நாளுக்காகத்தானே இவ்வளவு காலம் காத்தேன். வீட்டுக்குப் போய்க் குளித்து, நல்ல சாரி உடுத்து, அலுமாரியைத் திறந்து, சீலைத் துண்டோடு அதைக் கொண்டுவந்தேன். கந்தோர் முன்னால் போட்காரர்கள் கூடி நின்றார்கள். வழி விட்டார்கள். ஒருவர் 'ராத்தா கொண்டுவந்திட்டா' என்றார். நான் யாரையும் பார்க்காமல் நடந்தேன்.

பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்து கொம்பியூட்டர் இரவல் வாங்கி வைத்திருந்தார்கள். சுதர்சினி டிஸ்க்கைச் செருகினாள். ரெஸ்டோர் பண்ணுகிறேன் என்றாள். கொஞ்ச நேரத்தில் திரை முழுக்கப் பெயர்கள் வந்தன. மெடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். சுதர்சினி மட்டும் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. பட்டியலில் மேலே போனாள், கீழே வந்தாள், மறுபடி மேலே போனாள்.

"ராத்தா" என்றாள் மெதுவாக. "இது சேர் போன அன்றைக்கு எடுத்த கொப்பி."

எனக்கு உடனே விளங்கவில்லை. அதற்கென்ன, அதுதானே அவர் தந்தது என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்காமல் விளங்கப்படுத்தினாள். சேர் போய் மூன்று வருஷத்துக்கு மேல். அதற்குப் பிறகு வாங்கின போட் இதில் இல்லை. விற்ற போட் விற்கவில்லை என்று இருக்கிறது. மௌத்தாகிப்போன ஆட்கள் எல்லாம் இதில் உயிரோடு இருக்கிறார்கள்.

என் கையில் அந்த வெள்ளைச் சீலைத் துண்டு இருந்தது. நான் அதை மடித்துக்கொண்டே இருந்தேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"அனே ராத்தா, பரவால்ல. நாங்களும் ஒரு நாளும் திறந்து பார்க்கலியே" என்றார் மெடம்.

யாராவது ஏசியிருந்தால் ஆறியிருப்பேன். ஒருவரும் ஏசவில்லை. சுதர்சினி நினைத்திருந்தால், நான் இரண்டு தடவை கேட்டேன் ராத்தா, நீங்கள்தானே தரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் எழும்பிப் போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

5. நியாஸின் பெயர்

வேறு வழி இல்லாமல் அந்தப் பழைய பதிவில் இருந்தே பட்டியல் அச்சடித்து வெளியே ஒட்டினார்கள். பிழை இருந்தால் கூட்டத்தில் வந்து சொல்லலாம், கந்தோர் ஆள் ஒருவர் தனக்குத் தெரியும் என்று சாட்சி சொன்னால் திருத்துவோம் என்று மெடம் பெரிய கந்தோரில் பேசி ஒப்புக்கொள்ள வைத்தார்.

அன்று பின்னேரம் நியாஸ் வீட்டுக்கு வந்தான். சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றில் கை வைக்கவில்லை.

"உம்மா, லிஸ்ட்ல என்ட பேர் இரிக்கி" என்றான்.

நியாஸிடம் முந்தி ஒரு பைபர் போட் இருந்தது. கட்டாருக்குப் போவதற்காக அதை ஹனீபா என்ற ஆளுக்கு விற்றான். போனவன் ஏஜென்சிக்காரன் ஏமாற்றி ஆறு மாதத்தில் திரும்பி வந்தான். அன்றில் இருந்து மற்றவர்களின் போட்டில் கூலிக்குப் போகிறான். ஹனீபா கொஞ்சக் காலத்தில் நெஞ்சு வலி வந்து மௌத்தானார். போட் அவர் மனைவி ஸபியாவின் பெயருக்கு மாறியது. ஸபியா ஆள் வைத்துத் தொழில் செய்து மூன்று பெண் பிள்ளைகளைப் பார்த்தாள். விற்றது, மாறியது எல்லாம் சேர் போன பிறகு நடந்தவை. என் அலுமாரிக்குள் இருந்த டிஸ்க்கில் அந்தப் போட் இன்னும் என் மகனுடையது.

ஸபியாவின் வீட்டுக்குள் கடல் வந்ததில் அவளுடைய கடதாசிகளும் போய்விட்டன. ஆனால் பெயர் மாறினது எனக்கு நன்றாகத் தெரியும். ஹனீபா மௌத்தான பிறகு ஸபியா இத்தாவில் இருந்தாள். அந்தக் காலத்தில் அவள் வெளியே வர முடியாது, அந்நிய ஆண்கள் அவளைப் பார்க்கவும் கூடாது. அதனால் மெடம் என்னிடம் கடதாசியைத் தந்து அனுப்பினார். அடைத்த அறைக்குள் போய், அவளுக்குப் பக்கத்தில் இருந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தது நான்.

நியாஸுக்கும் அது தெரியும்.

"அது உன்ட போட் இல்லயே மகன்" என்றேன்.

"நான் கேட்கல்ல உம்மா. தானா வந்திரிக்கி. கவுன்மெந்துதானே குடுக்குது, ஸபியாக்கிட்ட இருந்தா பறிக்கிறேன்?"

சோறு ஆறுகிறது, தின்னு என்றேன். ஹனா அப்போது சின்னப் பிள்ளை, பாயில் படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்கு அது ஞாபகம் இருக்கிறதோ தெரியாது மகள்.

6. கூட்டம்

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். பெரிய கந்தோரில் இருந்து வந்த ஐயா பெயர்களை வாசித்தார். பெயர் வந்த ஆள் எழும்பி, போட் உடைந்தது என்று சொல்லி, வெளி விறாந்தையில் சுதர்சினி இருந்த மேசைக்குப் போய் அடையாள அட்டை காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் பால் தேத்தண்ணித் தட்டோடு நடுவில் நின்றேன்.

சில பெயர்களுக்கு ஆட்கள் எழும்பி, அவர் மௌத்து, அவர் விற்றுவிட்டார் என்று சொன்னார்கள். மெடமும் நானும் தெரிந்ததற்குச் சாட்சி சொன்னோம், ஐயா திருத்தினார். பிறகு, மெடம் டெலிபோன் கதைக்க வெளியே போயிருந்த நேரம், நியாஸின் பெயரை வாசித்தார்.

பின்னால் இருந்து நியாஸ் எழும்பினான். போட் உடைஞ்சதா என்று ஐயா கேட்டார். உடைஞ்சது சேர் என்றான். அது பொய்யும் இல்லை. போய்க் கையெழுத்துப் போடச் சொன்னார். நியாஸ் விறாந்தைக்குப் போனான்.

மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் அது யார் போட் என்று தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் மகன் என்பதால், நான் நிற்கிறேன் என்பதால். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பெண்கள் பக்கத்தில் இருந்து ஸபியா எழும்பினாள். சத்தம் போடவில்லை.

"ராத்தா, நீங்க சொல்லுங்க. நான் இத்தாவில இருந்தன். நீங்கதானே வந்து கையெழுத்து வாங்கினீங்க."

ஐயா என் பக்கம் திரும்பி, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

இங்கேதான் ஹனா எழுத வேண்டியதைச் சரியாக எழுத வேண்டும். நான் உடனே சொல்லவில்லை.

நியாஸ் காலையில் போட்டுக்கொண்டு வந்த செருப்பு எனக்கு ஞாபகம் வந்தது. வார் அறுந்து தங்கூசி நூலால் கட்டின செருப்பு. மற்றவனின் போட்டில் ஏற விடியமுன் போய் வரிசையில் நிற்கிறவன். எனக்கு வயது போய்விட்டது. ஞாபகம் இல்லை என்று சொன்னால் யாரும் என்னைப் பிடித்து அடிக்கப் போவதில்லை. கொம்பியூட்டரே மறந்துவிட்டது, கிழவி மறந்தால் என்ன. அந்த வார்த்தை என் நாக்கு வரைக்கும் வந்தது. நான் வாயையும் திறந்தேன்.

ஸபியா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டில் இருந்த தேத்தண்ணியில் ஆடை படிந்துவிட்டது. அவ்வளவு நேரம் நின்றிருக்கிறேன்.

பிறகு சொன்னேன். "அந்தப் போட் ஸபியாட. என்ட மகன் அவட புருஷனுக்கு வித்தது. நான்தான் கடதாசி கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினேன்."

ஐயா பெயரை வெட்டினார். விறாந்தையில் பேனையைக் கையில் எடுத்திருந்த நியாஸை சுதர்சினி நிற்பாட்டினாளாம். அவன் உள்ளே எட்டிப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டான்.

இரவு வீட்டில் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டான்.

"உங்களுக்கு உங்கட பேர்தான் பெரிசு உம்மா. சொல்ல முந்தி என்னப் பத்தி ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?"

"யோசிக்க என்ன இரிக்கி" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். நான் அங்கே வாயைத் திறந்துகொண்டு நின்றதை அவன் காணவில்லை. மற்ற எல்லோரும் கண்டார்கள்.

7. பிறகு

ஸபியாவுக்குப் புதுப் போட் கிடைத்தது. சில பேருடைய விஷயம் பள்ளிவாசல் ஜமாஅத்தில் பேசித் தீர்ந்தது. சிலது இழுபட்டுக்கொண்டே போனது, இரண்டு குடும்பங்கள் இன்றைக்கும் முகம் பார்ப்பதில்லை. அவர்கள் சண்டை பிடிக்கும்போது யாரும் என் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் நான் ரோட்டில் வந்தால் கதையை நிறுத்துகிறார்கள். ஸபியா பெருநாளுக்குப் பெருநாள் மீன் கொடுத்து அனுப்புகிறாள். அந்த மீனை ஆக்குகிறேன், நான் தின்பதில்லை. ஸலாம் சொன்னால் முகம் பார்த்துப் பதில் சொல்கிறாள். நான்தான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

கந்தோரில் மெடம் புது ஏற்பாடு ஒன்று செய்தார். சுதர்சினியின் யோசனை அது. வீட்டில் இருந்து வருகிற டிஸ்க்கை மாதத்தில் ஒரு நாள் வேறொரு கொம்பியூட்டரில் போட்டு ரெஸ்டோர் பண்ண வேண்டும். பிறகு கடைசியாக யாருடைய போட் கைமாறியதோ அந்த ஆளின் பெயரைத் தேட வேண்டும். புதுப் பெயர் வந்தால் பெக்கப் இருக்கிறது. பழைய பெயர் வந்தால் இல்லை. முதல் தடவை பார்க்கும்போது என்னையும் கூப்பிட்டார்கள். ஸபியாவின் போட்டைத்தான் தேடினார்கள். எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சுதர்சினி திரையில் விரல் வைத்துக் காட்டினாள். நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி அந்தப் பெயரை வாசித்தேன்.

டிஸ்க்கை நான் தொடர்ந்து கொண்டுபோக வேண்டும் என்று மெடம் சொன்னார். எனக்கு வேண்டாம் என்றுதான் இருந்தது. சுதர்சினி விடவில்லை, கடலில் பழுதானதற்குப் பதில் புது டிஸ்க் ஒன்றில் பச்சைத் துண்டு ஒட்டித் தந்தாள். இளைப்பாறும் வரைக்கும் ஒவ்வொரு வெள்ளியும் மாற்றினேன். சிவப்பு கொடுத்துப் பச்சை வாங்கினேன், பச்சை கொடுத்துச் சிவப்பு வாங்கினேன். கற்பூரம் வைக்கவில்லை.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். சேர் என் கையில் தந்த அமானிதம் அந்தக் கறுப்புப் பெட்டி இல்லை. அதற்குள் இருந்த ஆட்களின் பெயர்கள். அவர்கள் வாங்குகிறார்கள், விற்கிறார்கள், மௌத்தாகிறார்கள், அதோடு அதுவும் மாற வேண்டும். நான் பெட்டியைக் காத்தேன். யாராவது உங்களிடம் பெக்கப் எடுத்தீர்களா என்று கேட்டால், எடுத்தோம் என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அவரைக் கூட்டிப் போய்த் திறந்து காட்டுங்கள். பத்திரமாக இருக்கிறது என்று என்னைப் போல ஒரு பெரிய ஆள் சொன்னால் பயப்படாமல் இன்னொரு தடவை கேளுங்கள். மூன்றாவது தடவையும் கேளுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

இன்னொன்று, அது கந்தோருக்கு இல்லை. புத்தகத்தில் போடுவதா வேண்டாமா என்று சுதர்சினி முடிவு செய்யட்டும். நியாஸ் கேட்ட கேள்விக்கு நான் அன்றைக்குச் சொன்ன பதில் பொய். நான் யோசித்தேன் நியாஸ். ஸபியாவின் முகத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, அவளுடைய போட்டை உனக்கே எடுத்துத் தரலாமா என்று யோசித்தேன். அதை நினைத்தால் ஸபியாவுக்கு முன்னால் வெட்கம். அதை உன்னிடம் மறைத்து, யோசிக்க என்ன இருக்கிறது என்று நிமிர்ந்து நின்றதை நினைத்தால் உனக்கு முன்னால் வெட்கம். இந்த வயதில் இரண்டையும் சுமக்க முடியவில்லை.

ஹனா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது மகள், சொன்னதை எழுது.

உன் வாப்பா முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கிறார். ஜன்னலை நல்லாத் திறந்துவிடு. இப்போது முதலில் இருந்து வாசி. எனக்குக் கேட்டால் மட்டும் போதாது, கொஞ்சம் சத்தமாக வாசி.